சிவப்புக்கு வழிவிட்ட நாடு

மலைக்கும் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்தது நெடுவழி நாடு. அதற்கு ஒரே ஒரு பெருஞ்சாலைதான். அங்கே மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் மன்னரே வெற்றி பெற்றுவிடுவதால் இரண்டுக்கும் இடையே சச்சரவு வந்ததில்லை.

அந்நாட்டு விளக்கு வாரியத்தின் தலைவர் தணிகாசலம். எந்த வண்டியின் உச்சியில் எந்த நிறச் சுழல்விளக்கைப் பொருத்துவது என்று முடிவு செய்வது அவர் வேலை. உச்சி வெயிலில் தெரிகிறதா, மழையில் கலங்குகிறதா, எதிரே வருபவனின் கண்ணைக் கூசவைக்கிறதா என்றெல்லாம் சாலையில் நின்று பார்த்த பிறகுதான் எதற்கும் கையெழுத்திடுவார். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சிவப்பு. சாலை போடும் வண்டி, குழாய் பதிக்கும் வண்டி, விழுந்த மரத்தை அகற்றும் வண்டி ஆகியவற்றுக்கு மஞ்சள். சிவப்பு வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். மஞ்சள் தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள். இது எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. சிவப்பைக் கண்டால் மாட்டுவண்டிக்காரர்கள்கூட ஓரம் கட்டி நிறுத்தி, "யாரு பெத்த புள்ளையோ, நல்லபடியா போய்ச் சேரணும்" என்று சொல்வார்கள்.

ஒரு திறப்பு விழாவுக்குப் போகும் வழியில் மாமந்திரி வச்சிரவேலரின் வண்டி சந்தை நெரிசலில் சிக்கிக்கொண்டது. காவலர்கள் தடியைச் சுழற்றியும் கூட்டம் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. காய்கறிக் கூடைகளும் தள்ளுவண்டிகளும் தாமாகவே விலகின. ஆம்புலன்ஸ் போனது. வழி மூடிக்கொண்டது.

"யார் போவது?" என்று கேட்டார் மாமந்திரி.

"யாரோ நோயாளி, ஐயா."

"என்ன பதவியில் இருக்கிறார்?"

"பதவி ஒன்றும் இல்லை ஐயா, நோயாளி."

மாமந்திரி விழாவைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். மறுநாள் தணிகாசலத்தை அழைத்தார்.

"இந்த நாட்டையே சுமந்துகொண்டு திரிகிறவன் நான். நான் தாமதமானால் நாடு தாமதமாகும். அதைவிடப் பெரிய அவசரம் உண்டா?"

"சிவப்பு உயிர் காக்கும் வேலைக்கு மட்டும்தான், ஐயா. எல்லோரும் பொருத்திக்கொண்டால் அப்புறம் அதற்கு மரியாதை..."

"எல்லோருக்கும் கேட்டேனா? எனக்கு மட்டும்தானே கேட்டேன்."

ஒரே ஒரு விளக்கு என்ன கெடுத்துவிடும் என்று தணிகாசலம் எண்ணினார். மறுத்தால் தன் நாற்காலியில் யாராவது ஒரு மூடன் வந்து உட்காருவான், அவன் இன்னும் மோசமாகச் செய்வான் என்றும் எண்ணினார். கையெழுத்திட்டார். நெடுவழி நாட்டில் நல்லவர்கள் கையெழுத்திட்டதெல்லாம் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான்.

மாமந்திரிக்கு இருந்தால் மற்ற மந்திரிகளுக்கு இல்லாமல் எப்படி? மந்திரிகளுக்கு வந்தது. அவர்களுடைய மைத்துனர்களுக்கு வந்தது. வட்டத் தலைவர்களுக்கும், மன்னரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப்பா எழுதுகிறவர்களுக்கும் வந்தது. எல்லோரும் ஒன்றாகிவிட்டதால் பெரியவர் யார் என்று தெரியவில்லை என மூத்தவர்கள் வருந்தினார்கள். ஆகவே பெரியவர்களுக்கு இரண்டு விளக்கு, மிகப் பெரியவர்களுக்குக் கூடுதல் வெளிச்சம் என்று ஆணை வந்தது. அந்த வெளிச்சத்தில் கண் கூசி, எதிரே வந்த சைக்கிள்காரர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். அரசு உடனே கவலை கொண்டது. இனி எதிரே வருவோர் கண்களைத் தாழ்த்தியபடி வர வேண்டும் என்று அடுத்த ஆணை பிறந்தது.

ஆம்புலன்ஸ்களின் சைரன் ஒலி மன்னரின் பொதுக்கூட்ட உரைகளுக்கு இடையூறாக இருப்பதாகவும் கண்டறியப்பட்டது. சைரன்கள் கழற்றப்பட்டன. மந்திரிகளின் வெள்ளை வண்டிக்கும் நோயாளியின் வெள்ளை வண்டிக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. மக்களும் சிவப்பைக் கண்டு ஒதுங்குவதை மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். ஒருநாளைக்கு எத்தனை முறைதான் ஒதுங்குவது?

பின்பு தேர்தல் வந்தது. எதிர்க்கட்சி மஞ்சள் கொடியோடு கிளம்பியது. மாமந்திரி தணிகாசலத்தை மறுபடி அழைத்தார்.

"சாலை நெடுக எதிரியின் நிறத்தை எரியவிட்டிருக்கிறீர்களே, யாருடைய சம்பளத்தை வாங்குகிறீர்கள்?"

"அது எச்சரிக்கை விளக்கு, ஐயா. கட்சி தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது."

"இனி வேலை வண்டிகளுக்கு நம் கட்சியின் பச்சை."

"ஐயா, பச்சையைப் பார்த்தால் ஓட்டுநர்கள் போகலாம் என்று நினைத்து வேகம் எடுப்பார்கள்."

மாமந்திரி புன்னகைத்தார். "எல்லோரும் வேகமாக முன்னேற வேண்டும் என்பதுதானே நம் ஆட்சியின் கொள்கை?"

அன்று தணிகாசலம் அந்த ஆணையின் கோப்பினை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கையெழுத்தோடு கொண்டுவந்தார்.

அவருடைய தங்கை வடிவின் கணவன் செங்கோடன் சாலை போடும் குழுவில் மேஸ்திரி. பச்சை விளக்கு பொருத்திய வாரமே வீட்டுக்கு வந்தான்.

"என்ன மச்சான், மஞ்சள எடுத்துட்டாங்க? வர்றவன் எல்லாம் அழுத்திக்கிட்டு வர்றான். நேத்து ஒருத்தன் தார் டின்னையே தூக்கிட்டுப் போயிட்டான்."

"மேலிடத்து உத்தரவு மாப்பிள்ளை. தேர்தல் முடியட்டும், மாத்திடலாம். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்து நில்லுங்க."

"நாங்க குனிஞ்சு வேலை செய்யிறவங்க. எங்க பாத்து நிக்கிறது?" என்று சிரித்தான் செங்கோடன். தணிகாசலத்தின் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போனான்.

தேர்தல் முடிந்தது. மன்னர் வென்றார். வெற்றிக்குப் பச்சையே காரணம் என்று சோதிடர்கள் சொன்னதால் பச்சை நிலைத்தது.

பனிமூட்டமான ஒரு காலையில், கணவாய்க்கு அப்பால், பச்சையைக் கண்டு வேகம் எடுத்த ஒரு லாரி சாலைப் பணியாளர்கள் மீது ஏறியது. செய்தி கேட்டுத் தணிகாசலமும் வடிவும் ஓடிச் சேர்ந்தபோது செங்கோடனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு இருந்தது. வடிவு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தணிகாசலம் ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கணவாயை இறங்கியதும் கீழ்க்கரடு என்ற சிற்றூர். அங்கே அவ்வழியே வரும் மந்திரியிடம் முறையிடுவதற்காகச் சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே பார்த்துவிட்டார்கள். ஒரு மேளக்காரர் அடிக்கத் தொடங்கினார். யாரோ வண்டியின் முகப்பில் மாலையைப் போட்டார்கள்.

"வழிவிடுங்க! உள்ள ஆளு அடிபட்டுக் கெடக்கு!" என்று ஓட்டுநர் கத்தினார். மேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை. கேட்டவர்களும் நம்பவில்லை. போன முறை வந்த மந்திரியும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லித்தான் இறங்காமல் போனாராம்.

முன்னால் நின்ற ஒரு பெண் தணிகாசலத்தின் பக்கத்துச் சன்னலைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டையும் நரைத்த தலையுமாக அவர் மந்திரியைப் போலவேதான் இருந்தார்.

"ஐயா, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. எங்க ஊர்ல பிரசவத்துக்குப் போறவளக் கட்டில்ல வெச்சுத்தான் தூக்கிட்டுப் போறோம். போன மாசம் எம் மவ பாதி வழியிலயே போயிட்டா. எங்களுக்கு ஒரு ஆம்புலன்ஸ் குடுங்கய்யா."

"அம்மா, இதுதான் ஆம்புலன்ஸ்" என்றார் தணிகாசலம்.

அந்தப் பெண் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஏழைங்கன்னா கேலி பண்ணுவீங்களாய்யா?"

உள்ளிருந்து வடிவு, "அண்ணே, மூச்சு இழுக்குது... அண்ணே!" என்று கதறினாள். கூட்டம் நெருங்கியது. வாக்குக் கொடுக்காமல் வண்டி நகராது என்று யாரோ ஒரு கிழவர் உரக்கச் சொன்னார்.

தணிகாசலம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கைகளைக் கூப்பினார். மந்திரிகளின் மேடைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்ட குரல், அவர் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தது.

"உங்கள் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்படும். கீழ்க்கரட்டுக்கு விரைவில் ஆம்புலன்ஸ் வரும். இது என் வாக்கு."

கைதட்டல் எழுந்தது. அந்தப் பெண் அழுதபடி கும்பிட்டாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பழைய நாள்களில் சந்தை பிரிந்ததைப் போல, அவ்வளவு நேர்த்தியாக.

மருத்துவமனை வாசலில் இறக்கியபோது செங்கோடன் உயிரோடு இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு, வடிவு தமையனின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, அந்தப் பச்ச வெளக்குக்கு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தாம்மா."

"அவருக்கும் தெரியும். மச்சான் போட்டிருந்தா யோசிச்சுத்தான் போட்டிருப்பாருன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனாரு." அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் மாமந்திரியிடம் போனார். மஞ்சளைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டார். கீழ்க்கரட்டுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்றும் கேட்டார். நடந்ததை எல்லாம் மாமந்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவர் தோளைத் தட்டினார்.

"வழிமறித்த கூட்டத்தைக் கைதட்ட வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு வாரியத்தில் என்ன செய்கிறீர்கள்? அடுத்த முறை அந்தத் தொகுதியில் நீங்களே நில்லுங்கள்."

அன்றே தணிகாசலம் வேலையை விட்டார். அந்த நாற்காலியில் ஒரு மூடன் வந்து உட்கார்ந்தான். அவன் புதிதாகச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

கீழ்க்கரட்டுக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை. ஆனால் அந்த ஊரார் வாக்கை மறக்கிறவர்கள் அல்லர். அதன் பிறகு சிவப்பு விளக்கோடு எந்த வண்டி அவ்வழியே வந்தாலும் சாலையை மறித்துக்கொண்டு, "சொன்னீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். மந்திரிகள் இப்போது தங்களுக்கென்று போட்டுக்கொண்ட வேறு வழியாகப் போகிறார்கள். மற்ற வண்டிகளில் படுத்திருப்பவர்கள், பேசத் தெம்பு இருந்தால், விரைவில் வரும் என்று இன்னொரு முறை வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.