எந்த நாட்டு முதலாளித்துவம் வேண்டும்?

திறமைக்குத்தான் மரியாதை என்று, யாரும் கேட்காத இடத்திலும் முழங்குகிற ஒரு ஜீவராசி உண்டு. பார்த்திருப்பீர்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், திறந்த கையோடு அமெரிக்க முதலாளித்துவத்துக்கும் ஜெர்மன் முதலாளித்துவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்துவிடும்.

நம்முடைய மெத்தைக் கம்பெனி முதலாளி அந்த இனத்தின் அசல் வித்து. சம்பளம் கூட்டிக் கேட்டால் அமெரிக்கா: "சந்தைதாம்பா தீர்மானிக்கணும், நான் யாரு?" வெளியிலிருந்து மலிவு மெத்தை வந்து இறங்கினால் கொரியா: "அரசாங்கம்தான் நம்மளைக் கைதூக்கி விடணும்." லீவு நாளில் வேலைக்கு வரச் சொல்ல ஜப்பான்: "நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?" கம்பெனியோ மாமனார் கொடுத்தது. அதைச் சொல்லிக் காட்டினாலும் அவருக்குக் கோபம் வராது. "அத்தனை பேர்ல என்னைத்தானே மாப்பிள்ளையாப் பொறுக்கினாரு? அது தகுதி இல்லாம வேற என்ன?"

மேனேஜர் நாற்காலி காலியானது. தையல் பிரிவை நடத்தும் அம்மாள் தனக்கு அது வேண்டுமென்று வாய்விட்டே கேட்டுவிட்டார். முதலாளி வீட்டில் மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். முதலாளி பரீட்சை வைத்தார். தாளில் பெயர் கூடாது, நம்பர் மட்டும், எழுதுவது கம்ப்யூட்டரில், திருத்துவது அவரே.

"ஏங்க, மாப்பிள்ளை தோத்துட்டா?" என்று மனைவி கேட்டார்.

"நான் பொறுக்கின மாப்பிள்ளைடி. சோடை போவாரா?"

ஒரு தாளைப் படித்து உச்சி குளிர்ந்துபோய், மொத்தக் கம்பெனியையும் கூட்டி, "இதுதான்யா மேனேஜர் மூளை!" என்று பெருமை பொங்க அறிவித்துவிட்டு, அதற்கப்புறம்தான் அந்த நம்பர் யாருடையது என்று பார்த்தார். தையல் பிரிவு அம்மாளுடையது. முதலாளி அவசரமாகத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"மார்க் மட்டும் போதுமாம்மா? ஜப்பான்ல அனுபவத்துக்குத்தான் மதிப்பு."

"இங்க நான்தானே சார் பழைய ஆளு?"

"ஜெர்மனியில தொழிலாளிங்களையும் கலந்துக்கிட்டுத்தான் முடிவெடுப்பாங்க."

அம்மாள் திரும்பிப் பார்த்தார். தையல் பிரிவு முழுக்கக் கையைத் தூக்கியது.

ஓடி ஓடி வேர்த்துப்போன முதலாளி கடைசியில் அமெரிக்காவில் வந்து இறங்கினார். "முதல் போட்டவன் இஷ்டம்மா! பிடிச்சா இருக்கலாம், பிடிக்கலைன்னா போகலாம்."

"அதுவும் சரிதான் சார்," என்று அம்மாள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

இப்போது போட்டிக் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். இங்கே மாப்பிள்ளை நாற்காலியில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்; தையல் பிரிவு ஒவ்வொருவராகக் காலியாகிறது. முதலாளிக்கு மனசே ஆறவில்லை. அங்கே அந்தம்மாளுக்கு யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள், திறமைக்குக் காலமே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் முதல் வேலை முழுக்க முழுக்க உங்கள் தகுதிக்குக் கிடைத்ததுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த இன்டர்வியூவில் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா சௌக்கியமா?" என்பதுதானே?