உபபிரிவு அண்ணையின் பழத்தடைச் சட்டம்

பதினாறு பேருக்கும் அவர்கள் சமைக்கும் ஒரு குசினிக்கும் சட்டம் எழுதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உபபிரிவு அண்ணை.

ஜெர்மனியில், ஹம் நகரத்து ஓரத்தில் இருந்த அகதி விடுதியின் இரண்டாம் மாடியில் நாங்கள் பதினாறு தமிழர் இருந்தோம். அண்ணை கொழும்பில், சட்டமூலங்கள் தயாரிக்கும் கந்தோர் ஒன்றில் இருபது வருடம் தட்டச்சு செய்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. "தேத்தண்ணி வேணுமோ அண்ணை?" என்று கேட்டால், "வேணும். உபபிரிவு ஒண்டு, சீனி போடக்கூடாது. உபபிரிவு ரெண்டு, விருந்தாளி வந்தால் போடலாம்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் அகதி விண்ணப்பத்தில் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் வானொலியில், நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாபிரிக்காவின் பொருட்களுக்குப் பல நாடுகள் தடை விதிப்பதாகச் செய்தி வந்தது. அண்ணை அகப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, எங்கட மாடி என்ன செய்யப்போகுது?"

மன்னார் பெர்னாட் சிரித்துவிட்டான். "நாங்களே அகதியள். எங்கட தடைக்கு ஆர் அண்ணை பயப்பிடப் போகினம்?"

"ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். ஆர் எண்டு பாத்து ஆளைத் துரத்திற இடத்துப் பழம் எங்கட குசினிக்கை வரக்கூடாது. துரத்துப்பட்டு வந்த எங்களுக்கே அது விளங்காட்டில் வேற ஆருக்கு விளங்கும்?"

பெர்னாட் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மூன்று கிழமை வரைவு நடந்தது. முதல் கிழமை, பழம் என்றால் என்ன என்பதிலேயே போயிற்று. தக்காளி பழமா மரக்கறியா என்று சண்டை பிடித்து இரண்டு அறைக்காரர் கதைக்காமல் விட்டார்கள். ஜாமுக்குத் தனிப் பிரிவு. மீறினால் ஒரு கிழமை அடுப்புத் துடைக்க வேண்டும். கடைசியில் பதினாறு கைகளும் உயர்ந்தன. சட்டம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது.

மாசியில் சோதனை வந்தது. பெர்னாட்டின் மனைவி ராணி அக்காவுக்கு ஐந்தாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்படியே போனால் பிள்ளைக்குக் கூடாது என்று டொக்டர் பயமுறுத்திவிட்டார். "திராட்சை எண்டால் சாப்பிடலாம் போல கிடக்கு" என்றார் அக்கா. பெர்னாட் ஓடிப்போய் ஒரு பெட்டி வாங்கி வந்தான். மூடியில் பெரிய எழுத்தில் தென்னாபிரிக்கா.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு மூடியை மூன்று தரம் வாசித்தார். அறைக்குள் போனார். பத்து நிமிடத்தில் ஒரு தாளோடு வந்தார்.

"திருத்தம். இச்சட்டத்தின் நோக்கங்களுக்காக, கர்ப்பிணியின் வயிறு வெளிநாடாகக் கருதப்படும். அங்கை எங்கட சட்டம் செல்லாது. சாப்பிடு பிள்ளை."

ராணி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு பெட்டியைத் தள்ளி வைத்தார். "ஏலாது அண்ணை. நானும் கை உயர்த்தினனான்."

பெட்டி மூன்றாம் மாடிக்குப் போயிற்று. அது எங்கள் ஆட்சிக்கு அப்பாற்பட்டது. அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.

மூன்று மணித்தியாலம் கழித்து, ஒரு பை ஆரஞ்சு நிற ஸ்பெயின் தோடம்பழத்தோடு திரும்பி வந்தார். 'எந்த நாடு?' என்ற ஒரு கேள்விதான் அவருக்கு ஜெர்மன் மொழியில் தெரியும். அதிகாரிகள் எங்களிடம் ஓயாமல் கேட்ட அதே கேள்வியை, அவர் கடை கடையாகப் போய்ப் பழங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒரு கடையில் கள்ளன் என்று நினைத்து வெளியே துரத்திவிட்டார்களாம்.

ராணி அக்கா நாலு சுளை சாப்பிட்டார். காத்திருந்தோம். வாந்தி வரவில்லை. பிறகு ஒரு முழுப் பழம். ஆனியில் பெண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தோடம்பழம் வந்த அந்தப் பின்னேரம்தான். அண்ணை படிக்கட்டில் இருந்தார். விரல்கள் விறைத்து, சப்பாத்து நூலை அவிழ்க்க அவரால் முடியவில்லை.

"ராணிப் பிள்ளை சாப்பிட்டதோ?"

"ஓம் அண்ணை. காலை நீட்டுங்கோ."

நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன். என் அப்பாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.