பதினேழாம் எண்

"தொண்ணூத்தாறு சதவீதமா? அப்போ எவனோ நம்ம திட்டத்தை அப்படியே அள்ளிட்டுப் போயிருக்கான்!"

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தூரத்து வானத்தைப் பார்ப்பதால் வந்த பெயர் இல்லை. பக்கத்து மேஜைக்காரரைப் பார்ப்பதால் வந்தது. காகிதங்களில் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் கண் காகிதத்தில் இருக்காது. வராந்தாவில் யார் யாரோடு குசுகுசுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கும்.

பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பி, இன்னும் வானம் முழுக்கப் பரவிக் கிடக்கும் நுண்ணலை வெளிச்சத்தை விண்வெளிக்கே போய் அளந்து வர ஒரு விண்கலம். அதுதான் திட்டம். தேர்வுக் குழு ஒன்பது வருடத்துக்கு ஒரு முறைதான் கதவைத் திறக்கும். போன தடவை நாலு நிமிடம் தாமதமாகி வாய்ப்பு கை நழுவிப் போனது. இன்று மாலை ஐந்து மணிக்கு விட்டால் அவ்வளவுதான். அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம்.

காலையில் வெள்ளோட்டமாக ஏற்றிப் பார்த்தபோதுதான் குழுவின் கணினி அந்தக் குண்டைப் போட்டது. ஏற்கெனவே வந்திருக்கும் பதினேழாம் எண் திட்டத்தோடு இது தொண்ணூற்றாறு சதவீதம் ஒத்துப்போகிறதாம். அனுப்பியது யாரென்று ஐந்து மணிக்குக் கதவு மூடும்வரை குழுவுக்கே தெரியாது. எல்லாருக்கும் எண் மட்டும்தான்.

"மாமா, பதட்டப்படாதீங்க. நாம பாட்டுக்கு அனுப்பிடலாம்," என்றான் கணினியைக் கவனிக்கும் மச்சான். அவர் மனைவியின் தம்பி.

"நீ ஏன்டா இவ்வளவு நிதானமா இருக்கே?"

மச்சான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் வேலையாக எல்லாருடைய போனையும் பிடுங்கி, தன்னுடையதையும் சேர்த்து, அணைத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உங்க போன் எதுக்கு சார்?" என்று கேட்டார் கருவிகளைக் குளிர வைக்கும் இன்ஜினியரம்மா.

"அதுலயும் ஒட்டுக் கேக்கலாம். டைப்பிஸ்ட் அம்மா எங்கே?"

"கடைவாய்ப் பல்லு பிடுங்கப் போயிருக்காங்க. நேத்தே சொன்னாங்களே."

"இன்னைக்குப் பார்த்தா பல்லு பிடுங்கணும்?"

அலுவலகத் தொலைபேசியில் தலைவர் அந்த அம்மாவின் வீட்டுக்கு அடித்தார். "பதினேழாம் எண்ணைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். மறுமுனையில் வாய் நிறையப் பஞ்சோடு, "ஊம்! ஊம்! ஊம்!" என்று ஒரே ஆர்ப்பாட்டம்.

"பேச முடியலையாம். நல்லா நடிக்கிறாங்க," என்று ரிசீவரை வைத்தார்.

அடுத்து ஒரு பொறி வைத்தார். விண்கலத்தின் பெரிய கண்ணாடிக்கு மச்சானின் பிரதியில் நூற்று நாற்பது சென்டிமீட்டர், இன்ஜினியரம்மாவின் பிரதியில் நூற்றைம்பது, தன் பிரதியில் நூற்று அறுபது என்று மாற்றி எழுதினார்.

"எந்த அளவு பதினேழாம் எண்ணுக்குள்ள போய்ச் சேருதோ, அவங்கதான் கறுப்பு ஆடு."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு நாம எப்படி மாமா பார்க்கறது?"

அதைத் தலைவர் யோசிக்கவில்லை.

அதற்குள் ஆளுக்கொரு பக்கமாகத் திருத்தி, மூன்று பிரதியும் ஒன்றாகக் கலந்து விட்டன. மூன்று மணிக்கு ஏற்றினால், கண்ணாடி அளவு முன்னுக்குப் பின் முரண் என்று கணினி திருப்பி அனுப்பியது. ஒரு இடத்தைத் திருத்தினால் எடை உதைத்தது. எடையைத் திருத்தினால் குளிர்பதனம் உதைத்தது.

"உண்மையான அளவு என்ன சார்?" இன்ஜினியரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என் போன்ல மட்டும்தான் வச்சிருக்கேன்."

"அலமாரிச் சாவி?"

தலைவர் சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார். யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் வைத்தார். அவர் கண்ணிலும் படவில்லை.

நாலரை மணிக்கு அவருக்கு வெறியே பிடித்தது. தேர்வுக் குழு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அடித்து, பதினேழாம் எண் திருட்டுத் திட்டம் என்று கத்தினார். எழுத்து மூலமாகவும் புகார் அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் அங்கிருந்த குமாஸ்தா கூப்பிட்டார்.

"சார், புகார் வந்தா எதிர்த்தரப்பு விளக்கம் கேக்கணும். கம்ப்யூட்டரே அந்தத் திட்டத்துக்காரருக்கு மூணு தடவை போன் போட்டுச்சு. ஸ்விட்ச் ஆஃப்."

"திருடன் எப்படி எடுப்பான்?"

"அஞ்சு மணிக்குள்ள பதில் வரலைன்னா தள்ளுபடிதான் சார். எங்க விதி அப்படி."

"தள்ளுங்க! தாராளமாத் தள்ளுங்க!"

ஐந்து அடித்தபோது இவர்கள் திட்டம் ஏறவில்லை. கதவு மூடிவிட்டது. ஒரு நிமிடம் கழித்து, பதினேழாம் எண் நிராகரிக்கப்பட்டது என்று திரையில் செய்தி வந்தது.

இன்ஜினியரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆனாலும் தலைவரின் மீசை ஓரத்தில் ஒரு திருப்தி.

"போகட்டும். எனக்குக் கிடைக்கலைன்னாலும் அந்தத் திருட்டுப் பயலுக்குக் கிடைக்கலை பாரு. அவன் முகத்தைப் பார்க்கணும் எனக்கு, அது போதும்."

அப்போதுதான் வீங்கிய கன்னத்தோடு, மூச்சிரைக்க டைப்பிஸ்ட் அம்மா உள்ளே ஓடி வந்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"நீங்க கேட்டதுல இருந்து உங்க போனுக்கு எத்தனை தடவை அடிக்கிறது சார்? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு திங்கக்கிழமையே உங்ககிட்ட கையெழுத்து வாங்கி நான் அனுப்பினேனே, அதுதான் சார் பதினேழு!"