எண்ணெய்த் தாங்கிக்குள் தாய்லாந்துப் பாஷை

வெளிநாட்டுப் பாஷை படிக்கப் போகிறவர்களுக்கு நான் சும்மா தரும் புத்திமதி இதுதான்: இந்தோனேசியப் பாஷையைப் படியுங்கள். ஆங்கில எழுத்திலேயே எழுதுவார்கள். நேற்று வந்தாலும் நாளை வந்தாலும் வினைச்சொல் மாறாது. ஆட்கள் பலர் என்றால் 'ஆள்' என்பதை இரண்டு தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. அதிலும் திருகோணமலைக்காரனுக்கு அது அரைவாசி தெரிந்த பாஷை. கப்பலுக்குக் 'கபால்', கடைக்குக் 'கெடாய்', அலுமாரிக்கு 'லெமாரி', சப்பாத்துக்குச் 'செபாத்து'. முதல் இரண்டும் நம்முடைய சரக்கு; மற்ற இரண்டும் போர்த்துக்கீசன் நமக்கு இறக்கியதுபோல அங்கேயும் இறக்கிய சாமான்கள்.

தாய்லாந்துப் பாஷை அப்படியல்ல. எழுத்தே வேறு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். (எழுத்துக்கு முன்னால் கொம்பு போடுவது மட்டும் நம்மைப்போல. அதைக் கண்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.) எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இராகம். 'நா' என்று சமமாகச் சொன்னால் வயல். மேலிருந்து இறக்கினால் முகம். கீழிருந்து ஏற்றினால் தடிப்பு. உச்சத்தில் பிடித்தால் சின்னம்மா. வயலைப் பற்றிக் கதைக்கப் போய்ச் சின்னம்மாவைக் கூப்பிட்டுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

நான் தெரிந்தெடுத்தது இந்த இரண்டாவது பாஷையைத்தான்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் நானும் கிண்ணியா நசீரும் தற்காலிகக் கிளாக்கர்கள். தாய்லாந்திலிருந்து அரிசிக் கப்பலும் இந்தோனேசியாவிலிருந்து மரம் ஏற்றிய கப்பலும் வர இருந்தன. கப்பலில் ஏறிக் கப்பல்காரருடன் அவர்கள் பாஷையில் கதைக்கக் கூடியவர் யாரோ, அவருக்குத்தான் நிரந்தர வேலை என்றார் மனேச்சர். நசீர் உடனே இந்தோனேசியப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தான்.

"மச்சான், நீயும் லேசானதை எடு" என்றான்.

"லேசானதை ஆரும் படிப்பான்" என்றேன். அப்போது எனக்கு மீசை புதிது. நெஞ்சை நிமிர்த்தாமல் எதையும் சொல்லத் தெரியாது.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. மச்சாள் வசந்தியைக் கட்டுவதென்று பேச்சு. அவளுடைய தகப்பனாகிய என் மாமாவோ, "நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெட்டை இல்லை" என்று ஒரே பிடியாக நின்றார்.

வீட்டில் வைத்து இராகம் பழகினேன். அம்மா வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். அதனால் இடம் தேடினேன். சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன. பாதி கைவிடப்பட்டவை. ஒன்றின் அடியில் ஆள் தவழ்ந்து நுழையக்கூடிய ஓட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு உள்ளே போவேன். துருப்பிடித்துக் கறள் தின்ற துளைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக விழும். மற்றதெல்லாம் இருட்டு. 'நா' என்றால், அது சுவரைச் சுற்றி அலைந்து, நான் மறந்த பிறகு முதுகுப் பக்கமாகத் திரும்பி வரும்.

புத்தகத்தில் இராகத்துக்கு அம்புக்குறிதான் போட்டிருந்தது. சொல்லிக்காட்ட ஆளில்லை. நான் இறக்கிச் சொன்ன ஒன்று ஒருநாள் ஏறித் திரும்பியது. புத்தகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்ததுதான் சரி. இரும்பின் வளைவு செய்யும் வேலை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, அது சொன்னபடி திருத்தினேன். வேகமாக முன்னேறினேன். கைமயிர் எல்லாம் குத்திட்டு நிற்க முன்னேறினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஒருநாள் ஓட்டை வாசலில் வாழையிலையில் சோறும் பொரித்த மீனும் இருந்தன. சுற்றிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. சோறு மட்டும் சூடாக இருந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த நாள் இலைக்குக் குறுக்கே இரண்டு ஈர்க்கும் வைத்திருந்தார்கள். பல்லுக் குத்தத்தான் என்று நினைத்தேன். (என்ன மரியாதை!)

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் யப்பான் விமானம் ஒன்று இந்தத் தாங்கிகளில் ஒன்றின்மேல் விழுந்து எரிந்தது. உச்சிப்பொழுதில் தாங்கிக்குள் விளங்காத பாஷையில் ஒரு குரல் இழுத்து இழுத்துக் கூப்பிட்டால், அது அந்த விமானியல்லாமல் வேறு ஆர்? விறகுக்குப் போனவர்கள் கேட்டுவந்து சொல்ல, ஊர் படையல் போட்டது. யப்பான்காரன் குச்சியால் சாப்பிடுகிறவன் என்று ஈர்க்கும் வைத்தது. நான் இலையை வழித்துத் துடைத்துவைத்ததில், ஆவி ஏற்றுக்கொண்டது என்று முடிவாகிவிட்டது. எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர் என் மாமா.

அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே இருந்தபோது உடுக்குச் சத்தம் கேட்டது. இரும்புக்குள் அது என் நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல இருந்தது. ஓட்டையில் ஊர்ப் பூசாரியாரின் முகம் தெரிந்தது.

"ஆரடா நீ? என்ன வேணும்? சொல்லிப்போட்டுப் போ!"

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "மரியாதையாக் கேளும் பூசாரியார். அவர் பட்டாளத்து ஒப்பிசர்."

வெளியே போனால், மாமாவின் படையலைத் தின்ற மருமகன். பெட்டை போச்சு. வாயைப் பொத்திக்கொண்டு மூச்சையும் பிடித்தேன்.

அப்போது தாங்கியின் மறுகோடியில், இருட்டுக்குள், யாரோ மெதுவாக 'நா' என்றார்கள். உச்சத்தில் பிடித்த 'நா'. நான் வாயைத் திறக்கவே இல்லை.

பழக்க தோஷம், நானும் திருப்பிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. தலைமுதல் கால்வரை கறள் பூசி, எரிந்த மனிதனின் நிறத்தில், பூசாரியாரை விழுத்திக்கொண்டு வந்தேன். உடுக்கு ஒரு பக்கம் உருண்டது. கூட்டம் பற்றைகளைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. முழங்கால் வாதக்காரரான மாமா மட்டும் ஓட ஏலாமல் நின்றார். அவருடைய காலில் விழுந்து, "நான்தான் மாமா" என்றேன்.

மாமா குனிந்து என் முகத்துக் கறளைத் துடைத்துப் பார்த்தார். "மீனையும் நீர்தான் திண்டனீரோ?"

"ஓம் மாமா."

கதை எனக்கு முன்னரே கந்தோருக்குப் போய்விட்டது. சிரித்துச் சிரித்தே மனேச்சர் நசீரை நிரந்தரமாக்கினார். கலியாணமும் முடிந்த கதை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மாமாவிடம் போய் நின்றேன்.

"வேலைக்காகத் தனியப் பழகினனான் மாமா. சனம் கேட்டது வெறும் எதிரொலி."

மாமா கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எனக்கு முழங்கால்தான் பழுது தம்பி, காது பழுதில்லை. முதல் அது சொன்னது. நீர் பிறகுதான் சொன்னனீர்."

நான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உம்மைத் தனிய விட்டால் திரும்பவும் அங்கதான் போவீர்" என்றார் மாமா. "கெதியாக் கட்டிவைக்கிறதுதான் காவல். வேலையைப் பிறகு பாப்பம்."

அப்படித்தான் வேலையில்லாமல் எனக்குக் கலியாணம் நடந்தது. பல வருடங்களுக்குப் பிறகு பாங்கொக்கில் வேலை கிடைத்த எங்கள் மகள், அந்தப் பாஷைக்கு இங்கே நல்ல வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டாள். வசந்தி குசினிக்குள் சமைத்தபடியே சொன்னாள்:

"ஒருத்தர் இருக்கிறார் பிள்ளை. சோறும் மீனும் வைச்சால் போதும். ஆனால் உன்ர கொப்பர் அவற்ற பங்கையும் திண்டுபோட்டார். இப்ப என்ன கோவத்தில இருக்கிறாரோ தெரியாது."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.