இருட்டில் வைத்திருக்க வேண்டிய ஐந்து செடிகள் குறித்து

மதிப்பிற்குரிய கம்ப்யூட்டர் வாத்தியார் அவர்களுக்கு,

முதல் வருஷத் தாவரவியல் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் கூரையைப் பார்க்கும் பெண்ணின் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. வணக்கம். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்கள் பொறுப்பில் இருக்கும் முப்பது கம்ப்யூட்டர்களும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அதிலும் பாஸ். அதற்குமேல் போகாதது என் குற்றமில்லை. ஆகையால் இதில் எழுத்துப்பிழை ஏதும் இருந்தால் என் அப்பாவைத்தான் கேட்க வேண்டும், அவரும் போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுப் பெரியவர் கையெழுத்தோடு விளக்கம் வராவிட்டால் என் பேத்திக்குச் செய்முறையில் பூஜ்யம் போடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். பூஜ்யம் வாங்கினால் அடுத்த வருஷம் புதிதாக வரும் பொடிசுகளோடு உட்கார்ந்து, மௌஸை எந்தக் கையால் பிடிப்பது என்பதிலிருந்து அவள் மறுபடி தொடங்க வேண்டுமாம். இந்த வீட்டில் பெரியவள் நான்தான். என் மூத்த மகன் என்று ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் என்னைத்தான் கேட்பான். எனவே விளக்கம் இதோ: என் பேத்தி குற்றமற்றவள். குற்றவாளி நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் பாடத்தின்மேல் எனக்கு ஆரம்பத்தில் மரியாதை இல்லை. செடி படிக்கப் போன பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, டாக்டருக்குப் படிப்பவனைத் தையல் கற்றுக்கொண்டு வா என்று சொல்வதுபோல இருக்கிறதே என்றேன். "டாக்டரும் தையல் போடத்தானே வேணும் பாட்டி" என்றாள். எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். இப்படி மூக்குடைக்கிற பெண்ணையா நீங்கள் மக்கு வரிசையில் வைக்கப் பார்க்கிறீர்கள்? அன்றிலிருந்து அவள் வகுப்பில் படித்ததை வீட்டில் வந்து செய்து பார்க்கும்போதெல்லாம் நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் என் வீட்டுக்காரர் படம் வரும், மகன் வைத்தது. இவள் ஃபோல்டர் உண்டாக்கக் கற்றுக்கொண்ட வாரம் அவர் நெற்றியில் நான்கு, மீசையில் மூன்று என்று மஞ்சள் மஞ்சளாக ஒட்டிவிட்டாள். உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதர் முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை, எப்போதும் செய்தித்தாள் மறைத்திருக்கும். "ஒண்ணு தாத்தாவ எடு, இல்ல ஃபோல்டர எடு" என்று சத்தம் போட்ட பிறகுதான் எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தினாள்.

ஆனால் அந்த எக்செல் என்பது சாமர்த்தியமான சங்கதி, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று, இரண்டு என்று எழுதி மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மூன்று, நான்கு, ஐந்து என்று அதுவே புரிந்துகொண்டு எழுதிப் போகிறது. என் மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரி, அவளுக்கே ஒவ்வொன்றையும் நான் வாய்விட்டுச் சொன்னால்தான் விளங்கும். அப்புறம் செய்ததைச் செய்யாததாக்கும் பொத்தான் ஒன்றைப் பேத்தி காட்டினாள். எத்தனை தடவை அழுத்தினாலும் அத்தனை படி பின்னால் போகுமாம். எவ்வளவு தூரம் போகும், பெண் பார்க்க வந்த அன்றுவரைக்கும் போகுமா என்று கேட்டேன்.

இப்போது செடிக்கு வருகிறேன். பத்துக் காகிதக் கப்பில் மண் போட்டு, கப்புக்கு ஒரு பயறு ஊன்றி, ஐந்தை ஜன்னலிலும் ஐந்தைத் துணி அலமாரிக்குள் இருட்டிலும் வைத்து, முளை விட்டதிலிருந்து பன்னிரண்டு நாள் உயரம் அளக்க வேண்டும். அளந்ததை எக்செல்லில் ஏற்றி, வெளிச்சத்துக்கு ஒரு கோடு, இருட்டுக்கு ஒரு கோடு வரைந்து காட்ட வேண்டும். வளர்ப்பது தாவரவியல் டீச்சர் பாடு, வரைவது உங்கள் பாடு. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு அளக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் அவள் உங்கள் முன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் அல்லவா? அதனால் அளக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. அவளுடைய பள்ளிக்கூட ஸ்கேலைக் கையில் கொடுத்து, "பாட்டி, சென்டிமீட்டர் பக்கம். அளந்து இந்த நோட்டுல எழுது. வேற எதுவும் செய்யாத" என்றாள். சரி என்றேன்.

இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தால், தம்பி (உங்களை அப்படிக் கூப்பிடலாம்தானே, என் கடைசி மகன் வயசுதான் இருக்கும்), அந்த ஐந்தும் வெளுத்துப்போய், கழுத்து நீண்டு, கதவிடுக்கில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நின்றன. ஒரே பொட்டலத்தில் வந்த விதை, ஒரே நாளில் போட்டது. ஐந்துக்கு ஜன்னல், ஐந்துக்கு ஜெயில். அவை என்ன தப்பு செய்தன? மூன்று பிள்ளை பெற்றவள் நான், ஒருத்தனுக்கு வெளிச்சத்தையும் இன்னொருத்தனுக்கு இருட்டையும் கொடுத்து யார் எவ்வளவு வளர்கிறார்கள் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்ததில்லை. ஐந்தையும் தூக்கி ஜன்னலில் வைத்தேன். ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலமே அவை நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிறகு எப்படித் திரும்ப அடைக்க மனசு வரும்? அதிலிருந்து தினமும் காலையில் அவள் பஸ் ஏறினதும் வெளியே எடுப்பேன், நாலு மணிக்கு அவள் செருப்புச் சத்தம் கேட்குமுன் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். ஒரு நாள் மருமகள் தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டாள்.

"அத்தை, பத்துக் கப்பும் ஜன்னல்லயே இருக்கே?"

"காத்து வாங்குது."

"இருட்டுல இருக்க வேண்டியதாச்சே. பரிசோதனை கெட்டுப் போயிடாதா?"

"நீ போய் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படு. உனக்குத் தலைவலி."

அவளும் படுத்துவிட்டாள். மருமகள்களில் எனக்குப் பிடித்தவள் இவள்தான், இருப்பதும் இவள் ஒருத்திதான்.

ஆக, பத்துச் செடியும் ஒரே வெயிலில் ஒரே கையால் ஒரே செம்பில் தண்ணீர் குடித்து வளர்ந்தன. அப்புறம் போன திங்கட்கிழமை என் பேத்தி அழுத முகத்தோடு வந்து பையை வீசினாள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே கோடாகத் தெரிகிறதாம். இருட்டில் வளர்ந்த செடி வெளிச்சத்தில் வளர்ந்த செடிபோலவே பன்னிரண்டு நாளும் இம்மி பிசகாமல் எப்படி வளரும், ஒரு வரிசையைக் காப்பி எடுத்து அடுத்ததில் பேஸ்ட் பண்ணியிருக்கிறாய் என்று வகுப்பின் முன்னால் கேட்டீர்களாம். முப்பது பிள்ளைகளும் சிரித்தார்களாம்.

"நீ என்னடி சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? கோடு ரெண்டும் ஒண்ணா விழுந்தா நான் என்ன பண்றது பாட்டி?"

நான் செய்த வேலைக்குக் குழந்தை திருட்டுப் பட்டம் சுமக்கிறாள். அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. "வேற எதுவும் செய்யாத" என்று ஸ்கேலை நீட்டியபடி அவள் சொன்னது கண் முன்னால் நிற்கிறது. நான் பயப்படுகிற ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். கோடு ஏன் ஒன்றாக விழுந்தது என்றால், வெயில் ஒன்று, அதனால்தான். இம்மி பிசகாமல் எப்படி என்று கேட்டால், வளர்த்தவள் பாரபட்சம் பார்க்காதவள். இதில் காப்பியும் இல்லை, பேஸ்ட்டும் இல்லை. அவள் பொய் சொல்லத் தெரியாத பெண், அவள் அப்பனைப் போல. அவள் அப்பன் என்னைப் போல. ஆகவே அந்தப் பூஜ்யப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதே முப்பது பிள்ளைகள் முன்னால், சிரித்தவர்களுக்குக் கேட்கும்படி, அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவும்.

சாட்சிக்கு நான் அளந்து எழுதிய நோட்டையே இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ளதைத்தான் அவள் ஏற்றியிருக்கிறாள் என்று நீங்களே ஒத்துப் பார்க்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டர்கள் கரண்ட் போகாமல் ஓடட்டும். உங்கள் முடி கொட்டாமல் நிற்கட்டும், பெற்றோர் கூட்டத்தில் பார்த்தபோது கவலையாக இருந்தது. கல்யாணம் ஆகாதிருந்தால் நல்ல பெண் அமையட்டும், ஆகியிருந்தால் அமைந்தவள் நல்லவளாகவே இருக்கட்டும். தாவரவியல் டீச்சரம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். செடிகளைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மேற்படி பெண்ணின் பாட்டி

பி.கு. நோட்டை உறைக்குள் வைக்குமுன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று நானே ஒத்துப் பார்த்தேன். நீங்கள் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிய தாள் அவள் பையில் இருந்தது. வெளிச்சத்து வரிசை சரியாக இருந்தது. இருட்டு வரிசையில் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. ஒன்பதாம் நாள் நான் எழுதியது பதினேழரை, தாளில் பதினாறு. பத்தாம் நாளும் தப்பு, பதினொன்றும் தப்பு. கூப்பிட்டுக் கேட்டேன். கூரையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"பத்தும் வெயில்லதானே நின்னுச்சு பாட்டி. ஒரே விஷயத்த எதுக்கு ரெண்டு தடவ டைப் அடிக்கணும்னு முதல் வரிசையையே காப்பி பண்ணிப் போட்டுட்டேன்."

"பத்தும் வெயில்ல நின்னது உனக்கெப்படிடி தெரியும்?"

"இருட்டுல வளர்ந்த செடி மஞ்சளா இருக்கும். உன்னோடது பச்சைப் பசேல்னு இருக்கு. முதல் வருஷம்னாலும் நான் தாவரவியல் படிக்கறேன். உன்ன மாட்டிவிடக் கூடாதுன்னுதான் அவர்கிட்ட வாயத் திறக்கல."

ஆகவே தம்பி, நீங்கள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் சரி. மேலே நான் எழுதியதில் அவளைப் பற்றிய பகுதி முழுக்கத் தப்பு, என்னைப் பற்றியது மட்டும் நிஜம். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால் இதையே அனுப்புகிறேன். இன்று காலையில் புதிதாகப் பத்துப் பயறு ஊன்றியிருக்கிறாள். அலமாரிச் சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது, இனி சாயங்காலம் வந்து அவளே அளப்பாளாம், எனக்கு அந்த அறைக்குள்ளேயே அனுமதி கிடையாது. முளைக்கிற நாளையும் சேர்த்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தால் புண்ணியம். கொடுக்க முடியாது, பூஜ்யம்தான் என்றால் இரண்டாகப் போடுங்கள், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதைத் தனித் தாளில் கல்லூரி முத்திரையோடு கொடுத்தனுப்பவும். கல்லூரியில் நான் வாங்கும் முதல் மார்க் அது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன்.