ஸ்கேனருக்குப் பூக்கட்டிப் பார்த்தார்

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தவசிமுத்து சொந்தமாகத் தேர்ந்தெடுத்த ஒரே பொருள் அவருடைய மீசை. அதன் நுனி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதையும் மனைவி அழகுத்தாய்தான் முடிவு செய்தாள். எனவே 1999 ஆவணியில் அவர் ஒரு சபதம் எடுத்தார். வாங்கப்போகிற ஸ்கேனரையாவது நான்தான் தேர்ந்தெடுப்பேன்!

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அவருக்குக் கார் ஒர்க் ஷாப். பழைய கார் என்றால் பானட்டைத் திறப்பார், காதைக் கொடுப்பார், கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திருப்புவார். எஞ்சின் பாடும். இப்போது வருகிற கார்களுக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் காதும் செல்லாது, திருகும் செல்லாது. கையடக்க ஸ்கேனரை வயரில் மாட்டிக் கேட்டால்தான் தன் நோவைச் சொல்லும்.

மதுரை ஏஜென்ட் ஹுமாயூன் இரண்டு ஸ்கேனர்களை வைத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, வேண்டாததை எடுத்துக்கொண்டு போவார்.

பெரியது சூட்கேஸோடு வந்தது. பச்சைத் திரையில் கோடு கோடாக ஓடும். ஆனால் ஒரே ஒரு கம்பெனிக் காரோடுதான் பேசும். சின்னது சோப்பு டப்பா அளவு. நம்பர் மட்டும் காட்டும், அர்த்தத்தைப் புத்தகத்தில் தேட வேண்டும். ஆனால் நாலு கம்பெனிக் கார்களோடும் பேசும். தவசிமுத்துவின் மனசு சூட்கேஸில் விழுந்துவிட்டது.

"பெரிசுதான்," என்றார்.

"அந்தக் கம்பெனிக் காரு நம்மூர்ல எம்புட்டு ஓடுது?" என்றாள் அழகுத்தாய்.

"ரெண்டு."

"யாரு வீட்டுது?"

"மில் ஓனர் வீட்டுது."

"அவிய எங்க சர்வீஸ் விடுதாக?"

"மதுரையில."

"அப்ப இத எதுல மாட்டப் போறீக? நம்ம கிரைண்டர்லயா?"

"ஏட்டி, தொழில் தெரியாமப் பேசாத. கோடு எம்புட்டு அழகா ஓடுது பாரு!"

"கோடு ஓடுது. காரு ஓடணும்ல?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தோற்றிருப்பார்கள். தவசிமுத்துவும் தோற்றார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா சொல்லட்டும்."

அழகுத்தாய் சட்டென்று அடங்கினாள். அவள் பிறந்த வீட்டில் வரன், மனை, மாடு எல்லாமே பூக்கட்டிப் பார்த்துத்தான். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ இன்னொன்றில். அம்மன் காலடியில் வைத்து, ஒரு பிள்ளையை எடுக்கச் சொன்னால் முடிந்தது வழக்கு.

"செவப்பு வந்தா பெரிசு, வெள்ள வந்தா சின்னது," என்றார்.

"சரி. பொட்டலத்த நீங்களே மடிச்சிருங்க. எனக்கு அடுப்புல வேல கெடக்கு."

தவசிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலை கொல்லைக்குப் போனார். இரண்டு சிவப்பு அரளியைப் பறித்தார். ஒன்றை ஒரு காகிதத்தில் மடித்தார், இன்னொன்றை இன்னொரு காகிதத்தில் மடித்தார். "தாயே, செத்த நேரம் கண்ண மூடிக்கோ," என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். மொட்டை போட வந்திருந்த மூன்று வயசுக் குழந்தையை அழைத்தார். குழந்தை கையை நீட்டுகிற நேரம், அழகுத்தாய் கண்ணை மூடி உரக்கச் சொன்னாள்:

"தாயே, செவப்பு வந்தா சின்ன மிஷினு. வெள்ள வந்தா அவியளுக்குப் பிடிச்ச பெரிய மிஷினு!"

தவசிமுத்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, மாத்திச் சொல்லுதியே!"

"அய்யய்யோ, மாறிப் போச்சா? போகட்டும். ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ள. எப்படிச் சொன்னா என்ன?"

"அது... வந்து..."

"சன்னதியில சொன்னது சொன்னதுதான்யா," என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார்.

எப்படி மறுப்பது? ரெண்டும் சிவப்பு என்று பூசாரி முன்னால், ஆத்தா முன்னால், பொண்டாட்டி முன்னால் சொல்ல முடியுமா? உள்ளே இருக்கிற பூ இந்த நிமிஷமே வெளுத்துவிட வேண்டும் என்று தவசிமுத்து உருகி உருகி வேண்டினார். அப்படி ஒரு பக்தி அவருக்கு அதுவரை வந்ததே இல்லை.

குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். அரளி சிவக்கச் சிவக்கச் சிரித்தது. இன்னொரு பொட்டலத்தை அழகுத்தாய் பிரிக்காமலே பயபக்தியோடு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் ஹுமாயூன் வந்தபோது, சின்ன ஸ்கேனர் ஒரு டாக்ஸியின் கோளாறை நம்பர் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்ஸிக்காரருக்கு முகமெல்லாம் பல். தவசிமுத்துவுக்கே கொஞ்சம் சந்தோஷம்தான்.

"நல்லதாத்தான் எடுத்திருக்கீங்க! யாரு செலக்சன் அண்ணாச்சி?"

தவசிமுத்து மீசையைத் தடவி வாயைத் திறப்பதற்குள், காபியோடு வந்த அழகுத்தாய் பதில் சொன்னாள்:

"அவிய செலக்சன்தான் தம்பி. ஒரு செவப்புப் பூ போதும்னுதான் பேச்சு. அவிய ஆசையா ரெண்டு பறிச்சு வச்சாக!"