மச்சானுக்கு ஓர் அறை

பல் தேய்க்கும்போதே இங்கிலீஷ் வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி மனைவியிடம் எதையும் நேராகப் பேசுவதில்லை. நேராகப் பேசி அவர் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. வாயெல்லாம் நுரை என்பதால் இந்தச் சபதத்தைக் கண்ணாடியிடம்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், ஒரு பேண்டு கோஷ்டியில் டிரம்பெட் ஊதுபவர். தொழிலுக்கு ஊதினால் போகட்டும், பயிற்சி என்று பொழுது விடியுமுன்னே ஊதுவார். அவர் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்களாம். முடியும்வரை இங்கே தங்கட்டுமா என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். இங்கே உபரியாக இருப்பதோ ஒரே ஓர் அறை. வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவதும், கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக மூச்சு விடுவதும் அங்கேதான். அதுவும் போனால் அவருக்கென்று மிஞ்சுவது குளியலறை. அங்கேயும் வெளியிலிருந்து தட்டுவார்கள்.

வகுப்பில் அப்போது நடந்த பாடம், ஆங்கில இலக்கியத்தில் சிரிக்கவைக்கும் உத்திகள். இத்தனை உத்தி கையில் இருக்க, ஒரு மனுஷன் எதற்குப் பயப்படவேண்டும்?

முதலில் ஹைப்பர்பலி. எதையும் ஊதிப் பெரிதாக்குவது. ஊதுகிறவருக்கு ஊதல்தானே மருந்து? உங்கண்ணன் வாசித்தால் சுவர் விழும், தெரு எழுந்து ஓடும், நான் செத்தே போவேன் என்றார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் இதற்குப் பேர் ஹைப்பர்பலி என்று அவரே சொல்லவேண்டியதாயிற்று.

"பலியா? யாருங்க?"

"நான்தான்" என்றார் வாத்தியார்.

அடுத்தது குறைத்துச் சொல்வது. குத்தலைப் பஞ்சுக்குள் ஒளித்துக் கொடுக்கவேண்டும். உங்கண்ணன் வாசிப்பு லேசாகக் காதில் விழும் என்றார். லேசாகத்தானே என்று சொல்லி, அவர் காதுக்கு நிஜப் பஞ்சே வாங்கி வந்துவிட்டாள்.

மூன்றாவது, சிலேடை. பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கண்ணனுக்கு ஒரு அறை குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார். அர்த்தம் தப்பிப் போகக்கூடாதே என்று கையையும் ஓங்கிக் காட்டினார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்தாள். "அண்ணா, அவர் உனக்குத் தனி அறையே குடுக்கறாராம். ரொம்ப நாள் ஆசையாம். கையைத் தூக்கிச் சத்தியம் வேற பண்றார்."

மறுமுனையில் மச்சான் நெகிழ்ந்துபோய் மூக்கைச் சிந்தினார். அதுவும் டிரம்பெட் மாதிரியே கேட்டது.

மிச்சமிருந்த கடைசி அஸ்திரம் ஐரனி. குரலில் விஷத்தைக் குழைத்து, "வரட்டுமே. கோஷ்டியோடவே வரட்டும். நான் பால்கனியில செருப்போட செருப்பா கிடக்கறேன்" என்றார். அதையும் ஒரு எழுத்து விடாமல் போனில் ஒப்பித்துவிட்டு வைத்தாள்.

வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. "அது ஐரனிம்மா. வாய் ஒண்ணு சொல்லும், மனசு அதுக்கு நேர் எதிரா நினைக்கும். நான் வேணும்னு சொன்னா வேணாம்னு அர்த்தம்."

அவருடைய மாணவர்கள் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கேட்டதோடு, ஒரு சந்தேகமும் எழுப்பினாள்.

"அப்ப வேணாம்னு சொன்னா?"

"வேணும்னு அர்த்தம். சபாஷ்" என்றார், வாத்தியார் புத்தி போகாமல்.

மறுநாள் சாயங்காலம் மச்சான் டிரம்பெட் பெட்டியோடு வாசலில் நின்றார். பின்னால் டிரம்காரர். வாத்தியார் உத்திகளையெல்லாம் உதறிவிட்டு, சபதத்தையும் மறந்து நேராகப் பேசினார். "மச்சான், நீங்க இங்க தங்கறதுல எனக்குத் துளிகூட இஷ்டமில்ல. போயிடுங்க."

மச்சான் முகம் சுருங்கியது. பெட்டி மெல்லத் தெருப்பக்கம் திரும்பியது. வாத்தியாரின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அண்ணா, அது ஐரனி" என்றாள் மனைவி. "வேணாம்னா வேணும்னு அர்த்தம். எனக்கே நேத்து அவர்தான் சொல்லிக்குடுத்தார்."

வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று வாத்தியார் அலறினார். "பாத்தியா, எவ்வளவு ஆசைன்னு" என்றாள். மச்சான் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டிரம்காரர் செருப்பைக் கழற்றினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அறையிலிருந்து பெட்டி திறக்கும் சத்தம் வந்தது. மனைவி பால்கனிக்கு வந்து, தலையணையையும் பஞ்சையும் நீட்டினாள். "உங்களை மாதிரி புத்திசாலி புருஷன் யாருக்குங்க கிடைப்பார்?"

வாத்தியார் அவள் முகத்தையே பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இது ஐரனியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள்.